எங்கள் நாடகத்தைப் படமாக்கக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: சேலத்தில் இசை நாடகக் குழு நடத்துகிறோம். ஏற்காட்டுக் காபித் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையை வைத்து நான் எழுதிய நாடகம் சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் கோயில் விழாக்களில் சுமார் 70 முறை நடந்திருக்கிறது. ஒரு காட்சிக்கு 500 பேராவது கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறார்கள். மொத்தம் 14 பாட்டு. ஒரு தயாரிப்பாளர் 2 கோடி ரூபாயில் இதைப் படமாக்குகிறேன், மொத்த உரிமையையும் 3 லட்சத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்கிறார். மேடையில் ஓடியது தியேட்டரில் ஓடுமா? படம் வந்துவிட்டால் எங்கள் நாடகத்தை யாராவது கூப்பிடுவார்களா?

பதில்: படத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் ‘மொத்த உரிமை’ என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். மேடையில் ஓடியதால் தியேட்டரிலும் ஓடும் என்பதும் நிச்சயமில்லை.

இசை நாடகங்களைப் படமாக்கி அதிகம் சம்பாதித்தவர்களும் அதிகம் இழந்தவர்களும் அமெரிக்கக்காரர்கள்தான். ‘கேட்ஸ்’ லண்டனில் 21 வருடம், நியூயார்க்கில் 18 வருடம் நடந்த நாடகம். 2019-இல் சுமார் 10 கோடி டாலர் செலவில் படமாக வந்தது. உலகம் முழுக்கச் சேர்த்தும் வசூல் 8 கோடியைத் தொடவில்லை. ‘ரென்ட்’ 12 வருடம் மேடையில் ஓடியது. 2005-இல் வந்த படம் 4 கோடி போட்டு 3 கோடி சொச்சம்தான் எடுத்தது. அதில் முக்கிய வேடங்களில் பெரும்பாலும் பழைய மேடை நடிகர்களே நடித்தார்கள், அப்படியும் கூட்டம் வரவில்லை. மறுபக்கம், ‘மம்மா மியா’ (2008) 5 கோடி சொச்சத்தில் எடுக்கப்பட்டு 60 கோடிக்கு மேல் வசூலித்தது. ‘கிரீஸ்’ (1978) வெறும் 60 லட்சம் டாலர் படம். 36 கோடியைத் தாண்டிவிட்டது.

மேடையில் எத்தனை வருடம் ஓடியது என்பதை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. நான் பார்ப்பது இரண்டு விஷயம்தான். நாடகம் பார்க்காதவன் வாயிலும் அந்தப் பாட்டு இருக்கிறதா? போட்ட பணம் எவ்வளவு? ‘மம்மா மியா’ முழுக்க ‘அப்பா’ (ABBA) என்ற சுவீடன் இசைக்குழுவின் பாட்டுகள். அதற்கு 30 வருடம் முன்பிருந்தே வானொலியில் கேட்டவை. ‘கிரீஸ்’ படத்தில் நாடகத்தில் இல்லாத ஒரு டூயட்டைப் புதிதாகச் சேர்த்து, படம் வருவதற்கு முன்பே இசைத்தட்டாக விட்டார்கள். அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. உங்கள் தயாரிப்பாளரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்: 14 பாட்டில் எந்த இரண்டை முன்னாடியே வெளியிடப் போகிறார், அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்? பதில் மழுப்பலாக இருந்தால் மற்றதையும் சந்தேகப்படலாம்.

இனி உங்கள் படத்தின் கணக்குக்கு வருவோம். வரி போக டிக்கெட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பாதி தியேட்டருக்குப் போகும். மிச்சத்தில் விநியோகஸ்தர் கமிஷன், போஸ்டர், டிஜிட்டல் திரையிடல் கட்டணம் எல்லாம் கழிந்து தயாரிப்பாளர் கைக்கு 40 ரூபாய் வந்தாலே நல்லது. 2 கோடி திரும்ப 5 லட்சம் டிக்கெட் விற்க வேண்டும். ஓடிடி, சேட்டிலைட்டில் பாதி வந்துவிடும் என்று தாராளமாக நினைத்தாலும் 2.5 லட்சம் டிக்கெட். உங்கள் நாடகத்தை இதுவரை பார்த்தவர்கள் 35,000 பேர். ஒருவர் விடாமல் தியேட்டருக்கு வந்தாலும் 14 லட்சம்தான் தேறும். அவர்களும் விழாக் கமிட்டி காசு கொடுக்க, மைதானத்தில் பாய் விரித்து இலவசமாகப் பார்த்தவர்கள். நியூயார்க்கில் நாடகம் பார்க்கிறவர் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகிறார். ‘விக்கெட்’ (Wicked) நாடகத்தின் படம் 2024-இல் வந்து 75 கோடி டாலர் வசூலித்தபோது அதன் பின்னால் டிக்கெட் வாங்கிப் பழகிய 21 வருடக் கூட்டம் இருந்தது. பட விநியோகத்தில் சேலம் ஏரியா என்றால் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டம். தமிழ்நாட்டு ஏரியாக்களில் ஒன்று, அவ்வளவுதான். ‘நம்ம ஏரியாவிலேயே போட்டதை எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 80 லட்சத்துக்குள் எடுக்க முடியுமா என்றும் பேசிப் பாருங்கள். ஏற்காட்டில் நிஜத் தோட்டத்திலேயே நடக்கிற கதைக்கு செட் செலவு பெரிதாக வராது.

நாடகத்துக்கு மவுசு போய்விடுமா என்ற பயம் பழையது. ‘ஹலோ, டாலி!’ படத்தின் ஒப்பந்தத்தில், மேடையில் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்வரை படத்தை வெளியிடக் கூடாது என்றே ஒரு நிபந்தனை இருந்தது. படக் கம்பெனி தனியாகப் பணம் கொடுத்துத்தான் 1969-இல் முன்கூட்டி வெளியிட்டது. ஆனால் பின்னால் நடந்தது வேறு. ‘சிகாகோ’ படம் 2002-இல் வந்தது. நியூயார்க்கில் 1996-இல் தொடங்கிய மேடைக் காட்சி அதன் பிறகும் 20 வருடத்துக்கு மேல் ஓடியது. ‘விக்கெட்’ படம் வெளியான அடுத்த மாதம், அந்த நாடகம் ஒரே வாரத்தில் 50 லட்சம் டாலர் வசூலித்தது.

நம் ஊர் அனுபவம் கொஞ்சம் வேறு, அதையும் மறைக்க விரும்பவில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த ‘பவளக்கொடி’ 1934-இல் படமாகி நன்றாக ஓடியது. அடுத்த வருடமே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படக் கம்பெனி வந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (கதாநாயகன், கதாநாயகி வேடம்) போட்டவர்கள் ஒவ்வொருவராக சினிமாவுக்குப் போக, நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாக மாற, நாடகக் கம்பெனிகள் நொடித்தன. கம்பெனிகளுக்குப் பெரிய அடி நடிகர்கள் போனதுதான் என்று நான் நினைக்கிறேன். அதனால் உங்கள் ராஜபார்ட் படத்தில் நடித்தால் விழா சீசனில் அவர் தேதிகள் உங்களுக்குத்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நிலப்பரப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். வருடம் எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு விதமாக எழுதவில்லை என்றால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். ‘எத்தனை வருடம் ஆனாலும் செல்லும்’ என்று அவர்கள் சேர்க்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். தமிழில் ஒரு திரைப்படம், இத்தனை வருடம் என்று மட்டும் கொடுங்கள். மேடை உரிமை, வேற்றுமொழி ரீமேக், வெப் தொடர் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். பாட்டைப் பொறுத்தவரை, தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது வருகிற ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. ‘அதையும் விட்டுக்கொடுத்துவிட்டேன்’ என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

விலை? 3 லட்சம் என்பது பட்ஜெட்டில் ஒன்றரை சதவீதம், அடிமாட்டு விலை. ‘மை ஃபேர் லேடி’ படத்துக்கு (1964) ஆன 1.7 கோடி டாலரில் 55 லட்சம் உரிமைக்கே போனது. அந்த அளவுக்கு நீங்கள் கேட்க முடியாது. ஆனால் 2 கோடிப் படத்துக்கு 6 முதல் 10 லட்சம் நியாயமான தொகை என்பது என் கருத்து. மேற்கொண்டு பங்கு பேசினால் ‘லாபத்தில்’ என்று வாங்காதீர்கள், லாபம் கணக்கில் வராமலே போகும். தயாரிப்பாளருக்கு வருகிற வரவில் இத்தனை சதவீதம் என்று குறைவாக இருந்தாலும் அதையே கேளுங்கள்.

மெட்டுப் போட்டவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. வேறொருவர் என்றால் அந்த 14 மெட்டும் அவருடையவை, நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. முதலில் அவரோடு உட்கார்ந்து, வருகிற பணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் முடித்துவிட்டு, பிறகு தயாரிப்பாளரிடம் போங்கள்.