லண்டன் வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் பீ கொடி ஆளுயரம் வளர்ந்தும் ஜூலையிலேயே பூ நின்றுவிடுகிறது. ஆகஸ்ட் வரை பூக்க என்ன செய்யலாம்?

ஏப்ரல் கடைசியில் விதைத்ததாகவும், அழகாக இருக்கிறதே என்று பூக்களைக் கொடியிலேயே விட்டுவைத்ததாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். காரணம் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

முதலில் பூவைப் பார்ப்போம், பலர் கோட்டை விடுவது அங்கேதான். ஸ்வீட் பீ முளைத்து, பூத்து, காய்த்து, ஒரே பருவத்தில் மடிந்துபோகும் கொடி. வாடிய ஒரு பூவின் இதழ்களைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய ரோமத்துடன் தட்டையான ஒரு பச்சைப் பிஞ்சு இருக்கும், பட்டாணிக் காயின் குட்டி மாதிரி. நாலைந்து பிஞ்சு முற்றத் தொடங்கினாலே கொடியின் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும், புது மொட்டு வருவது குறைந்துவிடும். அதனால் ஒன்றுவிட்ட ஒருநாள் பூப்பறித்தே ஆக வேண்டும். காம்பில் அடிப்பூக்கள் விரிந்து, உச்சி மொட்டு பாதி மூடியிருக்கும்போது, காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கத்தரியுங்கள். அப்படி வெட்டினால் ஜாடியிலும் நாலைந்து நாள் நிற்கும். ஊருக்குப் போவதானால் நிறம் தெரியும் மொட்டு வரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பக்கத்து வீட்டாரைப் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பூ, உங்களுக்குக் கொடி.

அடுத்து விதைக்கும் காலம். இதன் சொந்த ஊர் சிசிலி, தெற்கு இத்தாலிப் பக்கம். 1699-ல் குபானி என்ற சிசிலித் துறவி அனுப்பிய விதையை, இன்றைய வடக்கு லண்டனில் இருக்கும் என்ஃபீல்டில் ராபர்ட் யுவடேல் என்பவர் வளர்த்தார். சிசிலியில் இலையுதிர்கால மழைக்கு முளைத்து, குளிர் முழுக்க வேரை இறக்கி, வசந்தத்தில் பூத்து, வெயில் ஏறியதும் காய்ந்துபோகும். இங்கேயும் அதே சுபாவம்தான். ஏப்ரல் கடைசியில் போட்ட விதை வேரை ஆழமாக இறக்குவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. (சென்னை, மதுரைச் சூட்டுக்கு இது சரிவராததும் இதனால்தான். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஒத்துப்போகும்.)

ஆகவே அக்டோபரிலோ நவம்பரிலோ விதையுங்கள். தவறினால் பிப்ரவரி, அதிகம் போனால் மார்ச். வேர் நேராக ஆழம் தேடும் என்பதால் தொட்டி உயரமாக இருக்க வேண்டும். டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக்குழாயே போதும். கம்போஸ்ட் நிரப்பி, குழாய்க்கு 2 விதை, 1 செ.மீ. ஆழம். இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊறி அழுகும் விதைதான் அதிகம். மூன்று வாரமாகியும் முளைக்காத விதையை மட்டும் எடுத்து, அதன் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் தோலை லேசாகக் கீறிப் போடுங்கள்.

15 டிகிரி வாக்கில் பத்துப் பதினைந்து நாளில் முளைத்துவிடும். முளைத்ததும் சூடான அறையிலிருந்து உடனே வெளியேற்றுங்கள். ஹீட்டர் பக்கத்து ஜன்னலில் வைத்தால் நூலாக நீண்டு சாய்ந்துவிடும். வெளிச்சமான, சூடேற்றாத கண்ணாடிக் கூண்டு போதும், லேசான உறைபனியைத் தாங்கும். எலிதான் எதிரி. விதையைத் தோண்டித் தின்றுவிடும், மேலே கம்பிவலை போடுங்கள். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் கிள்ளினால்தான் இலைக்கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை தடிமனாகக் கிளம்பும்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் தரையில் நடலாம். ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டி, அடியில் நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து, இரண்டு மீட்டர் மூங்கில் கழிகளைக் கூம்பாகக் கட்டி, செடிக்குச் செடி 20 முதல் 25 செ.மீ. விடுங்கள். அட்டையை உரிக்க வேண்டாம், அப்படியே மண்ணுக்குள் போகட்டும், விளிம்பு மட்டும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஈரத்தை உறிஞ்சிக் காயவைக்கும். பற்றுக்கம்பி வழுவழுப்பான மூங்கிலைப் பிடிக்கத் திணறும், அதனால் முதல் ஒரு அடிக்குச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள். இளம் தளிருக்கு நத்தை வரும், இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி.

தழைச்சத்து உரம் வேண்டாம். இது பருப்பு இனம், வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்க்கும். அதற்கு மேல் போட்டால் ஆளுயர இலை மட்டும்தான் மிஞ்சும். மொட்டு வந்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பொட்டாஷ் அதிகமுள்ள தக்காளி உரம் போதும். மழையில்லாத வாரத்தில் இரண்டு தடவை வேர் நனைய ஊற்றுங்கள். தொட்டியில் வளர்த்தால் வெயில் நாளில் தினமும்.

ஜூன் தொடக்கத்தில் மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் குளிர்ந்த இரவின் வேலை, தானே சரியாகும். வேர் காய்ந்தாலும் உதிரும், அதனால் விரலை விட்டு மண்ணைப் பாருங்கள். கோடை முடிவில் இலையில் வெள்ளைப் பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய், வறண்ட வேருக்குத்தான் சீக்கிரம் வரும். அசுவினியை விரலால் நசுக்கலாம், தண்ணீர் பீய்ச்சலாம்.

வாசனைதான் முக்கியம் என்றால் மட்டுகானா ரகமோ, அந்தத் துறவியின் பெயரிலேயே இருக்கும் குபானி ரகமோ வாங்குங்கள். பூ சிறியது, கரும்பழுப்புச் சிவப்பும் ஊதாவும். ஆனால் நாலு காம்பு வைத்தால் அறை முழுக்க மணக்கும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்: பேரில் பீ இருந்தாலும் இது பட்டாணி இல்லை. கேசரிப் பருப்பின் பேரினமான லாத்திரஸைச் சேர்ந்தது, விதை விஷம். அடுத்த வருடத்துக்கு விதை வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியில் நாலைந்து காயை மட்டும் விட்டு, பழுப்பானதும் அவை வெடித்துச் சிதறுவதற்குள் பறித்து, உறையில் பெயரெழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். அக்டோபரில் எடுத்தால் போதும்.