40 மி.மீ. பலகையில் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே ஆண்டெனா: எங்கிருந்து தொடங்குவது?

வாகனங்களில் பொருத்தும் சிறிய கருவிக்கு, 40 மி.மீ. நீளமுள்ள மின்சுற்றுப் பலகையிலேயே இரு அலைவரிசை ஆண்டெனாவை அச்சிட வேண்டும் என்றும், எந்த வடிவம் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வடிவத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பலகையின் கிரவுண்ட் தளத்தை, அதாவது சுற்று முழுவதற்கும் பொதுவான பூஜ்ய மின்னழுத்தப் புள்ளியாக இருக்கும் செப்புப் பரப்பைப் பாருங்கள்.

900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 333 மி.மீ., அதில் கால் பங்கு 83 மி.மீ. செப்புத் தடத்தை வளைத்து நெளித்து அந்த நீளத்தைச் சிறிய இடத்தில் அடக்கிவிடலாம். ஆனால் கால் அலைநீள ஆண்டெனா என்பது பாதிதான், மறுபாதி கிரவுண்ட். மின்னோட்டம் அதிலும் ஓடுகிறது, தாழ்ந்த அலைவரிசையில் பெரும்பாலான கதிர்வீச்சு அதிலிருந்தே எழுகிறது. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 42 மி.மீ. போதும் என்பதால் அங்கே உங்களுக்குச் சிக்கல் குறைவு. ஆண்டெனாவின் அளவு அலைநீளத்தைவிட மிகச் சிறிதாகும்போது, அளவைப் பாதியாக்கினால் கிடைக்கக்கூடிய அலைவரிசை அகலம் (ஆண்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண் பரப்பு) எட்டில் ஒன்றாகச் சுருங்கும் என்ற வரம்பு 1948-இல் சூ என்பவர் நிறுவிய கோட்பாட்டிலிருந்து கிடைக்கிறது. எத்தனை மடிப்பு மடித்தாலும் அதைத் தாண்ட முடியாது.

என் முதல் கருவியில் இதை உணராமல், 110 மி.மீ. கிரவுண்டுடன் கணினியில் உருவகப்படுத்திவிட்டு, 45 மி.மீ. பலகையில் அச்சிட்டேன். அளவீட்டில், ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் திறன் மைனஸ் 14 டெசிபெல் என்று காட்டியது (எண் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு குறைவாகத் திரும்புகிறது), மகிழ்ந்தேன். கேபிளைக் கழற்றி மின்கலத்தில் இயக்கியபோது கருவியால் வலையமைப்பில் நிலைத்து நிற்கவே முடியவில்லை. அளவுக் கருவியின் கேபிள் உறையே அதுவரை கிரவுண்டாகச் செயல்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. இப்போதெல்லாம் இணைப்புக்கு அருகே, கேபிள் உறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிட்டு, கேபிளைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன். தொட்டதும் வளைகோடு நகர்ந்தால் அந்த அளவீட்டை நம்புவதில்லை.

வடிவத்துக்கு, சமிக்ஞை ஆண்டெனாவுக்குள் நுழையும் ஒரே ஊட்டுப் புள்ளியிலிருந்து பிரியும் நீண்ட கை ஒன்றும் (900-க்கு) குட்டைக் கை ஒன்றும் (1800-க்கு) போதுமானவை. நீண்டதை முதலில் சரிசெய்யுங்கள்; ஒன்றை மாற்றினால் மற்றதும் சற்று நகரும்.

திரும்பி வரும் திறனை மட்டும் வைத்து ஆண்டெனாவை எடைபோடாதீர்கள். 50 ஓம் மின்தடையமும் எதையும் திருப்பி அனுப்பாது, ஆனால் அது கதிர்வீசுவதில்லை. கைபேசிகளில் மைனஸ் 6 டெசிபெல்லே ஏற்கப்படுகிறது. அதை மைனஸ் 10 ஆக்கினால் கிடைக்கும் ஆதாயம் சுமார் 0.8 டெசிபெல் மட்டுமே, ஆண்டெனாவைக் கருவியின் சுற்றோடு இசைவிக்கச் சேர்க்கும், இழப்பு மிகுந்த பொருத்துச் சுற்று அதை எளிதில் விழுங்கிவிடும். எனவே கதிர்வீச்சுத் திறமையை, அதாவது கொடுத்த திறனில் எவ்வளவு அலையாக வெளியேறுகிறது என்பதை, அளந்து பாருங்கள். ரேடியோ அலைகளைச் சுவர்கள் உறிஞ்சிவிடும் எதிரொலியற்ற அறை கிடைக்காவிட்டால் உலோக மூடியால் மூடி அளக்கும் வீலர் முறை ஓரளவு கைகொடுக்கும். பிளாஸ்டிக் உறையும் மின்கலமும் பொருத்தப்பட்ட நிலையிலேயே அளக்க வேண்டும், ஏனெனில் உறை அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும்.

900 கட்டாயம் என்றால், உறையின் அளவை முடிவு செய்பவரிடம் இப்போதே பேசி, கிரவுண்டை 80 மி.மீ. அளவுக்காவது நீட்டக் கேளுங்கள்.