முறுக்கை முதலில் எந்த நாட்டுக் கடைக்கு அனுப்புவது?

கேள்வி: மணப்பாறையில் முறுக்கு, தட்டை தயாரிக்கிறோம். உணவு உரிமமும் ஏற்றுமதிக்கான எண்ணும் எடுத்தாயிற்று. சரக்கு ஆறு மாதம் தாங்கும். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, ஜப்பான் நான்கிலிருந்தும் விசாரிக்கிறார்கள்; ஒருவர் முழு கன்டெய்னராகவே கேட்கிறார். எங்கே தொடங்கலாம்? பெரிய சூப்பர் மார்க்கெட்டைப் பிடிப்பதா, சின்னக் கடைகளையா?

பதில்: கன்டெய்னருக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். முறுக்கு இடத்தை அடைக்கும், எடை ஏறாது. 40×30×30 செ.மீ. அட்டைப்பெட்டியில் 200 கிராம் பாக்கெட் 24 வைத்தால் 4.8 கிலோ. 20 அடி கன்டெய்னரில் சுமார் 27 கன மீட்டர் அடுக்கலாம் என்று வைத்தால் 750 பெட்டி, 18,000 பாக்கெட், மொத்தம் 3.6 டன்தான். இருபது டன்னுக்கு மேல் தாங்கும் கன்டெய்னருக்கு முழு வாடகை கொடுத்துக் காற்றை அனுப்புவீர்கள். அதைவிடச் சிக்கல், அத்தனை பாக்கெட்டும் ஒரே தயாரிப்புத் தேதியோடு போய் இறங்குவது. புது இறக்குமதியாளர் கெடுவுக்குள் விற்றுத் தீர்க்கத் திணறுவார். மிச்சத்துக்கான பணத்தை உங்கள் பில்லில்தான் கழிப்பார்.

நாட்டைத் தேர்ந்தெடுக்க மக்கள்தொகையைப் பார்ப்பதில் பயனில்லை. சரக்கு அலமாரிக்கு ஏறும் முடிவு அங்கே யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆசியாவில் பெரிய ஹைப்பர் மார்க்கெட்டுகளின் பொற்காலம் முடிந்துவிட்டது. பிரெஞ்சு நிறுவனம் கார்ஃபோர் 2005இல் ஜப்பானை விட்டும் 2010இல் தாய்லாந்தை விட்டும் போனது. பிரிட்டனின் டெஸ்கோ 2020இல் தாய்லாந்து, மலேசியக் கடைகளை விற்றது. வளர்வது தெருமுனைச் சங்கிலிக் கடை. இந்தோனேசியாவில் இண்டோமாரெட், அல்ஃபாமார்ட் இரண்டுக்கும் தலா 20,000க்கு மேல் கடைகள். தாய்லாந்தில் செவன்-இலெவன் 15,000ஐத் தாண்டியாயிற்று. மலேசியாவின் 99 ஸ்பீட்மார்ட் 2024இல் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது.

கடை சின்னதாக இருப்பதால் எளிதாக நுழையலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரருக்கு அங்கே அதிகாரமே இல்லை. தலைமை அலுவலகக் கொள்முதல் பிரிவு சரி சொன்னால் சரக்கு நிறுவனத்தின் மையக் குடோனுக்குப் போகும். கடைகளுக்கு அங்கிருந்துதான் பிரியும். அலமாரியில் இடம் பெற நுழைவுக் கட்டணம், ஆஃபர் செலவு, விற்காததைத் திருப்புவது, இரண்டு மூன்று மாதக் கடன், எல்லாமே உங்களிடம் கேட்கப்படலாம். ஆயிரக்கணக்கான கடைக்கு ஒரே வாரத்தில் சரக்கு தரவும் வேண்டும். வார உற்பத்தியைக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசப் போங்கள்.

என் யோசனை: மலேசியா, சிங்கப்பூர் இந்திய மளிகைக் கடைகளில் தொடங்குங்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா என்று கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. முறுக்கு என்ன பண்டம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரே ஆள் இறக்குமதியும் செய்து கடைகளுக்கும் போடுகிறார். ஆங்கில லேபிள் இரண்டு நாட்டிலும் செல்லும். ஹலால் முத்திரை மலேசியாவில் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் சங்கிலிக் கடைக்குப் போகும் நாளில் கேட்பார்கள். மலேசிய அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம் ஏற்றுக்கொண்ட அமைப்பிடம் வாங்கினால்தான் மதிப்பு.

விலையை அடக்கத்திலிருந்து மேலே ஏற்றாதீர்கள். அலமாரி விலையிலிருந்து கீழே இறக்குங்கள். கணக்குக்காக ஒரு பாக்கெட் 5 ரிங்கிட் என்று வையுங்கள். கடைக்கு 30 சதவீதம் போனால் 3.50. இறக்குமதியாளருக்கு அதில் 25 சதவீதம் போனால் 2.62. கப்பல், சுங்கம், அங்குள்ள வண்டி வாடகைக்கு 50 சென் (அரை ரிங்கிட்) என்றால் 2.12. ஆஃபர், உடைசல், ரிட்டன் என்று பத்து சதவீதம் ஒதுக்கினால் 1.90. அந்த 1.90க்குள் உங்கள் அடக்கமும் லாபமும் அடங்காவிட்டால் பாக்கெட்டின் அளவை மாற்றுங்கள், தரத்தில் கை வைக்காதீர்கள். இந்திய-ஆசியான் ஒப்பந்தப்படி சுங்கச் சலுகை உண்டா என்று உங்கள் சரக்கின் சுங்க வகைப்பாட்டு எண்ணை வைத்துப் பாருங்கள். இருந்தால் பிறப்பிடச் சான்றிதழ் சரக்கோடு போக வேண்டும்.

இந்தோனேசியா இரண்டாம் கட்டம். பேப்பொம் என்ற அரசு அமைப்பின் பதிவு எண்ணும் இந்தோனேசிய மொழி லேபிளும் இல்லாமல் சரக்கு இறங்காது. அந்தப் பதிவு இறக்குமதியாளர் பெயரில் இருக்கும்; அவரோடு முறித்துக்கொண்டால் திரும்ப முதலிலிருந்துதான். ஆன்லைனில் நேரடியாக அனுப்பலாம் என்ற வழியும் அங்கே 2023இலேயே அடைபட்டது: வெளிநாட்டிலிருந்து நேரே விற்கும் பொருளுக்குக் குறைந்தபட்ச விலை 100 டாலர். தாய்லாந்திலும் உணவுத் துறைப் பதிவு எண்ணும் தாய் மொழி லேபிளும் வேண்டும்.

ஜப்பானைக் கடைசியில் வையுங்கள். அங்கே மூன்றில் ஒரு பங்கு என்று ஒரு வழக்கம் உண்டு: மொத்தக் கெடுவில் முதல் மூன்றில் ஒரு பங்கு நாள் கழிவதற்குள் சரக்கு கடைக்காரரிடம் சேர்ந்துவிட வேண்டும். உங்கள் 180 நாளுக்கு அது 60 நாள். சோதனை, துறைமுகக் காத்திருப்பு, கடல் பயணம், அங்கே பரிசோதனை, ஜப்பானிய ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் சேர்ந்தே ஐம்பது நாளை விழுங்கிவிடலாம். பல நிறுவனங்கள் இப்போது பாதிக் கெடு வரை தளர்த்தியிருப்பது ஒரு ஆறுதல். எண்ணெயில் இன்னொரு பொறி இருக்கிறது. கெடாமலிருக்க பாமாயிலில் சேர்க்கும் டிபிஎச்க்யூ என்ற பொருளுக்கு ஜப்பானில் அனுமதி இல்லை. நீங்கள் சேர்க்காவிட்டாலும் வாங்கிய எண்ணெயில் இருந்தால் சரக்கு மாட்டும். அது இல்லை என்று எண்ணெய் விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். ஆய்வகத்திலும் ஒருமுறை பாருங்கள்.

பெருங்காயத்தையும் கவனியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். அரிசி முறுக்கு என்று நினைத்து லேபிளில் கோதுமையை விட்டுவிட்டால், ஒவ்வாமைக் குறிப்பு தவறு என்று மொத்தச் சரக்கையும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எள் சேர்த்தால் அதையும் மறக்காமல் லேபிளில் போடுங்கள்.

முதல் சரக்கு 40 பெட்டி போதும், மற்றவர்கள் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் பங்கு போட்டு அனுப்பலாம். அப்படிப் போகும் பெட்டி வழியில் பலமுறை இறங்கி ஏறும். நைட்ரஜன் நிரப்பிய பாக்கெட், உள்ளே தட்டு, ஐந்தடுக்கு அட்டை மூன்றும் வேண்டும். நிரப்பிய பெட்டியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆறு பக்கமும் விழவிட்டுத் திறந்து பாருங்கள். பத்துக்கு ஒன்றுக்கு மேல் உடைந்தால் பேக்கிங்கை மாற்றாமல் அனுப்பாதீர்கள்.

ஏஜென்ட் தனி உரிமை கேட்டால் ஓராண்டுக்கு மட்டும் கொடுங்கள், மாதக் குறைந்தபட்சப் பெட்டிக் கணக்கோடு. உங்கள் பிராண்டை அந்த நாட்டில் உங்கள் பெயரிலேயே பதிந்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு இந்தியாவுக்குள்தான் காக்கும். முதல் மூன்று சரக்குக்கு முன்பணம் பாதி, கப்பல் நிறுவனம் தரும் சரக்குப் பத்திரத்தின் நகல் கண்டதும் மீதி. கடன் பேச்சு அவர் நான்காவது முறை ஆர்டர் கொடுக்கும்போது.