பாதியில நின்னுபோன ஸ்டவுட்

கேள்வி: சார், என் தம்பி மெல்பர்ன்ல இருக்கான், அங்க வீட்ல பீர் போடுறது சட்டப்படி ஓகேவாம். 20 லிட்டர் ஸ்ட்ராங் ஸ்டவுட், அதான் கருப்பு பீர், போட்டிருக்கான். ஆரம்ப கிராவிட்டி (சர்க்கரை எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டுற அடர்த்தி நம்பராம்) 1.090, அது 1.024 கிட்ட வரணுமாம், ஆனா 1.040ல நின்னு பத்து நாளா அசையல. ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒண்ணுதான் போட்டானாம். டெய்லி வீடியோ கால்ல இதே புலம்பல், இட்லி மாவு புளிக்கலன்னா அடுப்பு பக்கம் நகர்த்தி வைப்போமே, அந்த மாதிரி இதுக்கு வழி இருக்கா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: பாதி பதில நீங்களே சொல்லிட்டீங்கம்மா. முதல்ல ஒண்ணு, தமிழ்நாட்ல 1937ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி வீட்ல பீர் போடக்கூடாது, அதனால இது தம்பிக்கு மட்டும்.

எத ஊத்துறதுக்கும் முன்னாடி ரீடிங் சரியான்னு பாக்கச் சொல்லுங்க. சாம்பிள்ல கேஸ் இருந்தா குமிழி ஹைட்ரோமீட்டர் (கிராவிட்டி பாக்க மிதக்க விடுற குழாய்) மேல ஒட்டிக்கிட்டு அத மேல தூக்கிடும், நம்பர் கூடுதலா காட்டும், விரலால ஒரு சுத்து சுத்திவிட்டு குமிழி போனப்புறம் பாக்கணும். ரிஃப்ராக்டோமீட்டர்ல (ஒளி வளையறத வச்சு சர்க்கரை பாக்குற கருவி) பாத்திருந்தான்னா அந்த நம்பர அப்படியே நம்ப வேணாம், ஆல்கஹால் கலந்துட்டா அதுக்கு கணக்கு தப்பிடும்.

ரீடிங் சரிதான்னா, இப்ப அதுல ஆல்கஹால் ஆறரை சதவீதம் கிட்ட இருக்கும், அதுக்கெல்லாம் ஈஸ்ட் சாகாது, குளிருக்கு சுருண்டு அடியில படுத்திருக்கு. அங்க ஜூலை குளிர்காலம், மெல்பர்ன் ராத்திரி பத்து டிகிரிக்கும் கீழ போகும், அதுவும் இவ்ளோ ஸ்ட்ராங்கான பீருக்கு ஒரு பாக்கெட் பத்தவே பத்தாது, ரெண்டாவது போட்டிருக்கணும். டப்பாவ 20, 22 டிகிரி இருக்கிற ரூமுக்கு மாத்தி, மூடிய திறக்காம மெதுவா ஆட்டி அடியில இருக்கிறத கிளப்பிவிட்டு அஞ்சாறு நாள் விடட்டும். கரண்டி போட்டு கலக்கக்கூடாது, இந்த ஸ்டேஜ்ல காத்து பட்டா ஈர அட்டை வாசனை வந்துடும்.

அப்பவும் நகரலன்னா புது ஈஸ்ட்தான். பாக்கெட்ட பிரிச்சு நேரா தூவுறது வேஸ்ட், ஆல்கஹால்ல திடீர்னு விழுந்தா அதுவும் படுத்துக்கும். 100 கிராம் மால்ட் பவுடர (முளைகட்டின பார்லி சாற காயவச்ச பொடி) ஒரு லிட்டர் தண்ணில கொதிக்க வச்சு ஆற வச்சு அதுல ஈஸ்ட போட்டு, நுரை கட்டி பொங்குறப்போ, நின்னுபோன பீர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அதுல சேத்து பழக்கிட்டு மொத்தமா உள்ள ஊத்தணும். ஷாம்பெயின் ஈஸ்ட் போடுன்னு நிறைய பேர் சொல்வாங்க, வேணாம், மிச்சம் நிக்கிறது பெரும்பாலும் மால்டோட்ரயோஸ்ங்கிற மால்ட் சர்க்கரை, அத அது தொடாது.

இதுக்கும் அசையலன்னா, பீர் போடுறப்போ மால்ட்ட வெந்நீர்ல ஊறவச்ச சூடு 70 டிகிரி கிட்ட போயிருந்திச்சான்னு கேளுங்க. போயிருந்தா ஈஸ்ட் சாப்பிட முடியாத சர்க்கரைதான் மிச்சம், இனிப்பாவே இருக்கும், அப்படியே குடிச்சுக்கலாம்.

ஆனா அவசரப்பட்டு பாட்டில்ல மட்டும் அடைக்க விடாதீங்கம்மா. நான் வெளிநாட்ல படிக்கிறப்போ இதே மாதிரி நின்னத முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு அடைச்சேன், வெயில் காலம் வந்ததும் ஈஸ்ட் முழிச்சுக்கிச்சு, அலமாரிக்குள்ள மூணு பாட்டில் வெடிச்சு கண்ணாடித் துண்டு மரக்கதவுல குத்தி நின்னுச்சு, பக்கத்துல ஆள் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் பதறுது. மூணு நாள் இடைவெளில ரெண்டு தடவ பாத்து, எதிர்பாத்த அளவுக்கு இறங்கி ஒரே நம்பர்ல நின்னா மட்டும் அடைக்கச் சொல்லுங்க.