பெங்களூரில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரை ட்ராக் டேக்கும் கொண்டுபோனால் எந்த பிரேக் பேட் போடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய போர்ஷே 718 கேமன், வார நாட்களில் பெங்களூரு டிராஃபிக், எப்போதாவது சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ட்ராக் டே, அதாவது சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். நாலைந்து சுற்றுக்கு மேல் பிரேக் பிடிக்கவில்லை, ரேஸ் பேட் வாங்கிவிடலாமா என்கிறீர்கள். (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் தகடுதான் பேட்.)

வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அப்புறமும் குறை இருந்தால் தெருவுக்கும் ட்ராக்குக்கும் பொதுவான பேட் ஒன்று போதும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பிரேக் பிடிக்காமல் போவதில் இரண்டு வகை உண்டு. நீங்கள் எதைச் சந்தித்தீர்கள் என்று கேள்வியில் இல்லை. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போனால், பேட் அதன் வெப்ப வரம்பைத் தாண்டிவிட்டது. பெடல் தொளதொளவென்று தரைவரை இறங்கினால் பேட் மேல் தப்பில்லை, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டியிருக்கிறது. இரண்டாவதுக்கு எவ்வளவு விலையுயர்ந்த பேட் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி கொதிநிலை வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். செகண்ட் ஹேண்ட் வண்டியில் முந்தைய ஓனர் எப்போது மாற்றினாரோ, யாருக்குத் தெரியும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ஆயில் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். பேட் விலையில் சின்னப் பகுதிதான் செலவு. ட்ராக் டேக்கு முந்தைய வாரம் மாற்றிவிட்டுப் போய்ப் பாருங்கள். டாட் 5 என்று எழுதியதை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது சிலிகான். 5.1 வேறு, அது பரவாயில்லை.

சரி, பேடுக்கு வருவோம். கம்பெனி பேட் ட்ராக்கில் ஏன் திணறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஓட்டுபவரோடு சேர்த்து வண்டி 1,400 கிலோ என்று வையுங்கள். டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் பக்கம் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்து நிற்க, பிரேக் விழுங்க வேண்டியது சுமார் 195 கிலோஜூல். (சில்க் போர்டில் 60 எப்படி வரும் என்று கேட்காதீர்கள்.) ட்ராக்கில் 180-லிருந்து 80-க்கு இறங்க 1,400 கிலோஜூல். வண்டி இன்னும் நிற்கக்கூட இல்லை, அதற்குள் ஏழு மடங்கு வெப்பம். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு. டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

'சென்னை வெயிலில்தான் பிரேக் போகிறது' என்று பலர் சொல்வார்கள். 500 டிகிரியில் இருக்கும் டிஸ்குக்கு வெளிக்காற்று 25 டிகிரியா 37 டிகிரியா என்பதால் வரும் வித்தியாசம் மூன்று சதவீதம்கூட இல்லை. வெயில் உங்களைத்தான் வாட்டும்.

பேடின் முதுகில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சடித்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த நிலைக்கு முதல் எழுத்து, சூடான நிலைக்கு இரண்டாவது. ஆனால் அந்தச் சோதனை சுமார் 345 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. ட்ராக்கில் விஷயம் அதற்கு மேல்தான் ஆரம்பம்.

இப்போது ரேஸ் பேடை ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டைக்கு இங்கிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று அத்தனை தூரமும் அந்த பேடில்தான் ஓட்டிப் போக வேண்டும், திரும்பியும் வர வேண்டும். முழு ரேஸ் பேட் சூடேறினால்தான் வேலை செய்யும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் பிரேக்கே தொடாமல் வந்துகொண்டிருக்கும்போது எதிர்த் திசையில் ஒரு டூவீலர் வரும். அப்போது அந்த முதல் மிதி பிடிக்க வேண்டும். கூடவே கீச்சுச் சத்தம் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் முழுக்கக் கேட்கும், பேட் சூடேறாமலே ஓட்டுவதால் டிஸ்கும் தேயும்.

ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி நடுவாந்தர பேட் உங்கள் உபயோகத்துக்குச் சரியாக இருக்கும். சூடேறும் முன்பே பிடிக்கும், ட்ராக்கில் பத்துப் பதினைந்து நிமிட செஷனைத் தாங்கும். பாகிட் ஆர்எஸ்எல்29 போர்ஷே ஓட்டுபவர்களுக்குப் பிடித்த பேட், நல்ல சரக்குதான். ஆனால் நீண்ட ரேஸுக்காகச் செய்தது. செமி ஸ்லிக் எனும் ட்ராக்குக்கான ஒட்டும் டயருக்கு மாறி, ட்ராக்கில் போய் பேட் மாற்றிக்கொள்ளும் பொறுமையும் வந்த பிறகு யோசியுங்கள். ஒட்டும் டயர் இருந்தால்தான் அவ்வளவு பிரேக்கைப் பயன்படுத்தவே முடியும்.

முன்பக்கத்துக்கு மட்டும் வாங்கிக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். கேமனில் எஞ்சின் நடுவில் இருப்பதால் பின்சக்கரமும் கணிசமாக பிரேக் போடும். நான்குக்கும் ஒரே ரகம் போடுங்கள். வண்டி சறுக்காமல் தானாக பிரேக் பிடிக்கும் பிஎஸ்எம்-ஐ முழுதாக ஆன் செய்து வளைவில் வண்டியோடு மல்லுக்கட்டினால், அது பின்சக்கரத்தை அடிக்கடி பிடித்துப் பிடித்து அந்த பேடைத் தனியாகச் சூடாக்கும். பின் பேட் சீக்கிரம் தேய்ந்தால் அதற்கு உங்கள் ஓட்டுமுறையும் காரணமாக இருக்கலாம்.

காலிப்பர் மஞ்சள் நிறமா என்றும் பாருங்கள். மஞ்சள் என்றால் பெரும்பாலும் கார்பன் செராமிக் டிஸ்க்; மேலே சொன்ன எதையும் அப்படியே வாங்காமல், அந்த டிஸ்குக்கென்றே செய்த பேடாகத் தேட வேண்டும். முந்தைய ஓனர் அழகுக்காக பெயிண்ட் அடித்திருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்யுங்கள். பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கடை கடையாக ஏறுவதைவிட ஆர்டர் போட்டு வரவழைப்பதுதான் நடக்கும், அதற்கு நேரம் விட்டுத் திட்டமிடுங்கள்.

புது பேடைப் போட்டதும் நேராக முழு வேகத்தில் போகக் கூடாது. புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இதுவும்: டிஸ்க் மேல் பேடின் மெல்லிய படலம் சீராக ஏற வேண்டும். 100-லிருந்து 20 வரை, நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை இறக்கி, பிறகு பிரேக் தொடாமல் ஆறவிட வேண்டும். இதை ஓசூர் ரோட்டில் செய்தால் பின்னால் வரும் லாரி உங்கள் டிக்கிக்குள் இருக்கும். ட்ராக்கிலேயே முதல் செஷனை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிவிட்டு உள்ளே வாருங்கள். பிட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஊர் திரும்பும் முன் பேடின் தடிமனைப் பாருங்கள். பாதிக்குக் கீழே வந்துவிட்டால் ஆயிலுக்கு வெப்பம் வேகமாக ஏறும். அந்த செட்டை டவுனில் ஓட்டித் தீர்த்துவிட்டு அடுத்த ட்ராக் டேக்கு வேறு செட் போடுங்கள்.