மான் வேட்டைக்கு கோல்ப் ரேஞ்ச்பைண்டர் போதுமா?

வணக்கம். அவுஸ்திரேலியாவில் மான் வேட்டைக்குப் போகும் உங்கள் அண்ணாவுக்கு, பொரளைப் பக்கம் மலிவாக வந்த பாவித்த கோல்ப் ரேஞ்ச்பைண்டரை (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) வாங்கி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

கோல்ப் கருவி, மைதானக் குழியில் நட்டிருக்கும் கொடியின் தூரத்தைப் பிடிக்கச் செய்தது. அதனால் முன்னால் நிற்பதைத்தான் முதலில் அளக்கும். காட்டில் மானுக்குப் பதிலாக இடையில் ஆடும் புல்லின் தூரத்தைக் காட்டிவிடும். தூர இலக்கைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள்.

பெட்டியில் 1000 யார் தூரம் அளக்கும் என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். அது பளபளக்கும் பலகைக்கான கணக்கு. மான் தோல் ஒளியை விழுங்கும். பாதி கிடைத்தாலே பெரிய விடயம். காலிமுகத்திடலில் என்னுடையதைச் சோதித்தபோது தூரத்து பஸ் கண்ணாடிக்கு உடனே தூரம் காட்டியது, கிட்டப் படுத்திருந்த கறுப்பு நாய்க்கு எண் வராமல் வெறும் கோடுகள்தான்!

அண்ணா மலைச்சரிவில் சுடுபவர் என்றால் சரிவின் கோணத்துக்கேற்பத் தூரத்தைச் சரிசெய்து காட்டும் வசதிக்குக் காசு கொடுக்கலாம். புளூடூத் எல்லாம் வீண் செலவு. சரி, எதை வாங்கினாலும் கடைக்குள் வைத்துப் பார்க்காமல் உச்சி வெயிலில் வெளியே கொண்டுபோய், தள்ளி நிற்கும் ஒரு மரத்தின் அடிப்பகுதிக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். வெயிலில்தான் இவற்றின் வண்டவாளம் தெரியும்.