விளக்கு மீன் அவ்வளவு பெரிய அரக்கனா?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எப்போது பார்த்தாலும் தலையில் விளக்கு தொங்கும் ஆழ்கடல் மீனைத்தான் வரைகிறான். கார்ட்டூனில் வருவதுபோல, சுறாவை விடப் பெரிதாக, கப்பலையே விழுங்குகிற மாதிரி. நிஜத்திலும் அது அப்படித்தானா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இல்லைங்க. அதற்குத் தூண்டில் மீன் என்று பெயர். படங்களில் அதிகம் வருகிற கரிய நிற வகையில் பெண் மீன் முழுசாக வளர்ந்தாலே 18 செ.மீ. அளவுதான். 2014-ல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஆய்வு இயந்திரத்தை இறக்கி, சுமார் 580 மீட்டர் ஆழத்தில் ஒன்றை உயிருடன் படம் பிடித்தார்கள். அது 9 செ.மீ., உங்கள் பையனின் கைக்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டரைத் தாண்டும் இனமும் இருக்கிறது, ஆனால் அது விதிவிலக்கு.

பிறகு ஏன் எல்லோரும் பூதம் மாதிரி வரைகிறார்கள்? புகைப்படங்கள் எல்லாமே மிக நெருக்கத்தில், கறுப்புப் பின்னணியில் எடுத்தவை, பக்கத்தில் அளவு சொல்ல ஒரு பொருளும் இருக்காது, உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாயும் ஊசிப் பற்களும் மட்டும் நம் கண்ணில் நிற்கும். 2025 ஜனவரியில் ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரிஃபே தீவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மீன் பட்டப்பகலில் நீர்மட்டத்துக்கே வந்தது நினைவிருக்கலாம். சாகும் நிலையில் இருந்த அந்த மீன் சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. வெளிச்சத்தைப் பார்க்கத்தான் மேலே வந்தது என்று எத்தனை ஓவியங்கள், எத்தனை கவிதைகள்! இவ்வளவு சின்ன மீனா என்று பலர் அப்புறம்தான் வியந்தார்கள்.

குணமும் படத்தில் காட்டுவதற்கு நேர்மாறு. இது இரையைத் துரத்தி ஓடுகிற மீன் இல்லை. இருட்டில் அசையாமல் மிதந்தபடி காத்துக்கிடக்கும், ஏனென்றால் அந்த ஆழத்தில் அடுத்த வேளை சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, தெம்பை வீணாக்கக் கூடாது. விளக்கும் டார்ச் மாதிரி வழி காட்டுவதற்கு இல்லை. தூண்டில் நுனியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தரும் ஒளி அது, இரையைக் கிட்டே வரவழைக்கத்தான். அந்தப் பற்களைப் பாருங்கள், உள்பக்கமாக மடங்கும். உள்ளே வந்த இரை திரும்பி வெளியே போக வழியில்லை. வயிறு விரிந்துகொடுப்பதால் தன்னை விடப் பெரிய இரையையும் விழுங்கிவிடும். எனக்கு இது பூதத்தை விடப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது. பையனை வரைய வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் வரையச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: அந்த மீனில் ஆண், பெண்ணோடு ஒட்டிக்கொண்டே வாழும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சில இனங்களில் உண்மை. ஆணுக்குத் தூண்டிலும் கிடையாது, விளக்கும் கிடையாது, பெண்ணோடு ஒப்பிட்டால் உருவமே பொடிசு. பெண்ணைக் கண்டதும் கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு தோலும் ரத்தக்குழாயும் இணைந்து, சாப்பாடே அவள் ரத்தத்தில் இருந்துதான். மேலே சொன்ன கரிய வகையில் கொஞ்ச காலம் மட்டும் ஒட்டிவிட்டு விலகிவிடும். 1922-ல் ஐஸ்லாந்து அறிஞர் பியார்னி சேமுன்ட்சன், ஒரு பெண் மீனின் உடம்பில் ஒட்டியிருந்த சின்ன மீன்களைப் பார்த்து, குட்டிகள் என்றே நினைத்துவிட்டார். அவை கணவன்மார் என்று 1925-ல் பிரிட்டிஷ் மீனியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.